துரை வராத கப்பல்

'ஸ்டேசிஸ்' என்னும் கணினி விளையாட்டின் தொடக்கப் பகுதியிலேயே, பயங்கரமான காட்சி எதுவும் வருவதற்கு முன்பே, வானியல் கொஞ்சம் தெரிந்தவரை நடுங்க வைக்கும் செய்தி ஒன்று வந்துவிடுகிறது. ஜான் மாராச்செக் தம் மனைவி எல்லனோடும் மகள் ரெபேக்காவோடும் டைட்டானுக்குப் புறப்பட்டவர். டைட்டான் சனிக்கோளின் நிலவு. சூரியனிலிருந்து ஏறக்குறைய 140 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது. ஆனால் உறக்கக் கலத்திலிருந்து அவர் விழுந்து கண்விழிக்கும் குரூம்லேக் என்னும் கப்பல் நெப்டியூனை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறது. நெப்டியூனுக்கும் சூரியனுக்கும் இடையே ஏறக்குறைய 450 கோடி கிலோமீட்டர். சூரிய ஒளியே அங்கே போய்ச்சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, வந்த தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக, அவருடைய உறக்கத்திலேயே அவரை யாரோ கொண்டு வந்திருக்கிறார்கள். மனைவியும் மகளும் பக்கத்தில் இல்லை. எதற்காகக் கொண்டு வந்தார்கள் என்பதைத் தேடுவதுதான் ஆட்டம் முழுவதும்.

நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் வசிக்கிறேன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனை. என் அம்மா இங்கே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் வேலை. இந்த விளையாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றிக்கொண்டிருந்ததற்குக் காரணம், இதைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதன் இரத்தக் காட்சிகளையும் இருட்டையும் பற்றியே பேசுவதுதான். அவை உண்டு, கடுமையாகவே உண்டு. ஆனால் குரூம்லேக் முதலில் ஒரு வேலைத்தளம். அங்கே நடந்த கொடுமை ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலையாக, ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக் கொடுக்கப்பட்டு, நேரம் தவறாமல் நடந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த அமைப்பு புதிதல்ல என்பதால், நாம் இதை வேறு விதமாக விளையாடுகிறோம் என்று நான் நம்புகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில விவரங்கள். தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கிறிஸ் பிஷாஃப், நிக் பிஷாஃப் என்னும் சகோதரர்கள் 'தி பிரதர்ஹுட்' என்ற பெயரில் இதை உருவாக்கினார்கள். கிறிஸ் ஏற்கெனவே தனியாகத் தொடங்கிச் செய்துகொண்டிருந்த வேலைக்கு, 2013ஆம் ஆண்டின் இறுதியில் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளம் வழியாக 100,000 டாலர் இலக்கு வைத்துப் பணம் திரட்டினார்கள். இலக்கைத் தாண்டியே கிடைத்தது. 2015 ஆகஸ்டு 31 அன்று விளையாட்டு வெளியானது. விஷனேர் ஸ்டூடியோ என்ற மென்பொருளைக் கொண்டு கட்டப்பட்டது. இசை மார்க் மார்கன். 'ஃபால்அவுட்', 'பிளேன்ஸ்கேப் டார்மென்ட்' ஆகியவற்றுக்கு 1990களில் இசையமைத்த அதே மனிதர். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் ஐசோமெட்ரிக் கோணத்தில், ஒரு கட்டடத்தின் கூரையைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பது போல், ஒவ்வோர் அறையும் வரையப்பட்டிருக்கிறது. அந்த அறைகளில் ஜான் மிகச் சிறிய உருவம். நடந்து திரியும் நேரமெல்லாம் அவருடைய முகம் நமக்குத் தெரிவதில்லை. அறைதான் தெரிகிறது.

ஸ்டேசிஸ் சேர்ந்திருக்கும் சுட்டிச் சொடுக்கும் சாகச விளையாட்டு என்பது எங்கள் ஊர் இணையக் கடைகளில் யாரும் விளையாடிப் பார்த்த வகையல்ல. அங்கே கவுன்ட்டர் ஸ்டிரைக்கும் டோட்டாவும்தான். பள்ளி விட்டதும் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த வகையின் கதை அதற்கும் முந்தியது. 1980களின் தொடக்கத்தில் சாகச விளையாட்டு என்றால் கதவைத் திற, விளக்கை எடு என்று விசைப்பலகையில் தட்டச்சு செய்ய வேண்டும். 1987இல் லூக்காஸ்ஃபிலிம் வெளியிட்ட 'மேனியாக் மேன்ஷன்' அந்தக் கட்டளைகளைத் திரையின் அடியிலேயே அடுக்கி வைத்தது. அம்புக்குறியைக் கொண்டுபோய்ச் சொடுக்கினால் போதும் என்றானது. 1990களின் இறுதியில் பெரிய நிறுவனங்கள் இந்த வகையைக் கைவிட்டன. 2012இல் டபுள் ஃபைன் நிறுவனம் ஒரு சாகச விளையாட்டுக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் 33 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய பிறகுதான், இதற்கு இன்னும் ஆள் இருக்கிறது என்பது உலகுக்குத் தெரிந்தது. பிஷாஃப் சகோதரர்கள் மறு ஆண்டு வந்தது அந்த வழியில்தான்.

துப்பாக்கி இல்லாத விளையாட்டில் பயத்துக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் நேர்மாறாகவே நினைக்கிறேன். துரத்தும் பூதத்திடமிருந்து ஓடும்போது நாம் எதையும் பார்ப்பதில்லை. ஓட்டத்தில் பயம் வேகமாகக் கரைந்துபோகிறது. சுட்டிச் சொடுக்கும் விளையாட்டிலோ, முன்னே போக வேண்டுமானால் அறையில் உள்ள ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டேசிஸில் அம்புக்குறியை ஒரு பொருளின் மேல் வைத்தவுடன் அதைப் பற்றிய விவரணை எழுத்தில் வருகிறது. சொடுக்கினால் ஜான் தம் குரலில் ஏதாவது சொல்கிறார். தரையில் காய்ந்து கிடக்கும் கறையை விட்டுவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் அதன் ஓரத்தில் நமக்கு வேண்டிய கம்பி கிடக்கலாம். பார்க்க விரும்பாததையும் பார்க்கச் செய்வது இந்த வகை விளையாட்டுக்கு இயல்பிலேயே அமைந்த பலம். அதை இவ்வளவு கண்டிப்போடு பயன்படுத்திய வேறொரு விளையாட்டை நான் ஆடியதில்லை.

அப்படிப் பார்த்துக்கொண்டே போகும்போது கண்ணில் படுகிறவை என்னவென்றால், மருத்துவப் பகுதி, ஊழியர் தங்கும் அறைகள், செடி வளர்க்கும் கூடம், ஆய்வுக்கூடங்கள். கெய்ன் என்னும் நிறுவனத்துக்குச் சொந்தமான கப்பல் அது. அதற்குள் உண்பதும் உறங்குவதும் வைத்தியம் பார்த்துக்கொள்வதும் எல்லாமே நிறுவனத்தின் கூரைக்குக் கீழேதான். பழைய தோட்டங்கள் அப்படித்தான் இருந்தன. லயத்து வீடு கம்பெனியுடையது, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை கம்பெனியுடையது, டிரஸ்ஸர் உட்கார்ந்து மருந்து கொடுக்கும் சிறு ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். 1990களில் தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் பிறவற்றுக்கும் கைமாறியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் நிற்க இடமில்லாமல் வெளியே வந்ததற்குக் காரணம் அந்த ஒரே ஏற்பாடுதான். தொழிலாளி எல்லா வகையிலும் ஒரே கையை நம்பி இருக்கும் இடம், அந்தக் கை நல்ல கையாக இருந்தாலும், ஆபத்தான இடம். குரூம்லேக்கில் அந்தக் கை நல்ல கையல்ல. உரிமம் இல்லாமல், கேட்பாரில்லாத தொலைவில், மனித உடல்களின் மேல் ஆராய்ச்சி நடத்துவதற்காகவே அந்தக் கப்பல் அவ்வளவு தூரத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. நெப்டியூன் வெறும் பின்னணி ஓவியமாக இல்லாமல் கதையின் காரணமாகவே ஆகிவிடுவது அதனால்தான்.

இந்த விளையாட்டின் உயிர் என்று நான் கருதுவது, செத்துப்போன ஊழியர்கள் விட்டுச்சென்ற கையடக்கக் கருவிகளில் இருக்கும் நாட்குறிப்புகள். அவற்றை வாசிக்காமலும் ஆட்டத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிட முடியும் என்று சிலர் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். அது பெரிய இழப்பு. ஒவ்வொரு குறிப்பும் பல நாட்களுக்கு நீள்கிறது. முதல் நாட்களில் இருப்பது வேலைப்பளு, மேலதிகாரியின் மேல் கோபம், பக்கத்துப் படுக்கைக்காரனோடு மனத்தாங்கல், ஒரு பெண்ணின் மேல் வந்த காதல். அடுத்த நாட்களில் ஏதோ ஒன்று சரியில்லை என்ற எண்ணம் தலைகாட்டுகிறது, உடனே அதற்கு ஒரு சமாதானமும் எழுதப்படுகிறது. பிறகு குறிப்பு நின்றுவிடுகிறது. எழுதியவரின் உடல் பெரும்பாலும் அதே அறையில்தான் இருக்கும். என்னை உலுக்கியது அந்த உடலைவிட நடுவில் எழுதப்பட்ட அந்தச் சமாதானம்தான். தம் வேலையின் ஒரு துண்டை மட்டும் பார்த்துக்கொண்டு, மற்றத் துண்டுகளைப் பற்றிக் கேட்காமல் இருந்தவர்கள் அவர்கள். தீயவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் சம்பளம் வேண்டியிருந்தது, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்திருக்கும்.

தோட்டத்துப் பழைய ஆபீசில் வைத்திருந்த செக்ரோல் புத்தகம், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தோட்டம் மூடப்பட்டபோது குப்பையோடு போகவிருந்ததை அம்மா கேட்டு வாங்கி வந்தார். நீளமான தாள்கள். இடது ஓரத்தில் ஆள் எண், அதற்கடுத்துப் பெயர், பிறகு மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு கட்டம். வேலைக்கு வந்த நாளுக்குக் கோடு, வராத நாளுக்கு வெறுமை. கணக்கெழுதும் கிராணியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு பெயருக்கு எதிரே மாதத்தின் நடுவிலிருந்து கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன. அடுத்த மாதத் தாளில் அந்தப் பெயர் இல்லை, அதே எண்ணில் வேறொரு பெயர் இருக்கிறது. அந்த ஆள் செத்தாரா, ஊர் திரும்பினாரா, வேறு தோட்டத்துக்குப் போனாரா என்பதை எழுத அந்தப் புத்தகத்தில் இடமே கிடையாது. ஸ்டேசிஸின் நாட்குறிப்புகளை வாசித்த இரவுகளில் நான் இதையும் எடுத்துப் பார்த்தேன். நிறுவனம் வைத்திருக்கும் கணக்கில் ஆள் ஓர் எண். ஆள் தன் கைப்பட எழுதிவைத்த குறிப்பில்தான் அவன் மனிதன். எங்கள் தோட்டத்தில் முதல் வகைப் புத்தகம் மிஞ்சியது, இரண்டாவது வகை மிஞ்சவில்லை, ஏனென்றால் என் பாட்டி தலைமுறையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. குரூம்லேக்கை வடிவமைத்தவர்கள் அந்த இரண்டாவது வகையை இறந்தவர்களின் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் பெரிய மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்ப்பார். குறிப்புகளை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். அறுபட்ட உடல்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தாரே தவிர எழுந்து போகவில்லை. ஓரிடத்தில், "இந்தக் கப்பலுக்குத் தொர யாருய்யா?" என்று கேட்டார். "இன்னும் யாரும் வரலம்மா," என்றேன். "தொர எங்கய்யா வரப்போறாரு? கிராணி யாரு, மண்டோரு யாருன்னு பாரு," என்றார்.

துரை என்றால் தோட்டத்து மேலாளர், மண்டோர் என்றால் ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளர். அம்மா சொன்னதில் இந்தக் கதையின் கட்டுமானமே இருக்கிறது. கெய்ன் நிறுவனம் சுவர்களில் சின்னமாகவும் குறிப்புகளில் பெயராகவும் இருக்கிறது. நம் முன் வந்து நிற்பவர்கள் அதன் ஊழியர்கள். டாக்டர் மாலன் என்னும் மருத்துவ விஞ்ஞானிதான் கப்பலில் நடந்ததற்கெல்லாம் முகம் கொடுக்கும் ஆள். வானொலி வழியே ஜானோடு பேசி வழிகாட்டும் டீயா என்னும் பெண்ணும் அதே இடத்தோடு பிணைந்தவள். அவளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி ஆட்டத்தோடு கூடவே வருகிறது. அவளுடைய குரல் ஒன்றுதான் அந்தக் கப்பலில் ஜானுக்குத் துணை என்பதால், அந்தக் கேள்வியைக் கேட்கவே நமக்குக் கூச்சமாக இருக்கும். இதற்கு மேல் சொன்னால் விளையாடப்போகிறவர்களுக்குத் துரோகம்.

விளையாடுகிறவரின் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்தில் ஜான் தம் உடலையே ஓர் அறுவை இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டிய கட்டம் ஒன்று வருகிறது. திரைப்படமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம்; காட்சி தானாக நடந்து முடியும். இங்கே நான் சொடுக்காமல் எதுவும் நடக்காது. இயந்திரத்தைச் சரி செய்வது நான், அதில் அவரைக் கிடத்துவது நான், தொடங்குவதும் நான். வேறு வழி இருக்கிறதா என்று அறை முழுவதும் தேடிவிட்டு, இல்லை என்று உறுதியான பிறகு, விரலை அழுத்தினேன். அப்போது கேட்ட குரல் நெடுநேரம் காதில் இருந்தது. கொடுமை ஒவ்வொரு சிறு செயலாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தவிர்க்க முடியாததாகத் தோன்றும்படி அடுக்கப்பட்டால், சாதாரண மனிதன் அதைச் செய்துவிடுவான் என்பதை அந்த ஊழியர்களின் குறிப்புகள் சொல்லின. அந்தக் கட்டம் அதை என் விரலுக்கே கற்றுக்கொடுத்தது.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைத்துப் பேசுவது நல்ல விளையாட்டுக்குச் செய்யும் மரியாதையாகாது. படங்கள் பல இடங்களில் மிகவும் இருண்டவை. எடுக்க வேண்டிய பொருள் கண்ணுக்குப் பட மறுக்கிறது. திரை முழுவதையும் அம்புக்குறியால் தடவித் தேடும் அவதி இந்த வகை விளையாட்டின் பழைய நோய். மேனியாக் மேன்ஷனை உருவாக்கியவர்களில் ஒருவரான ரான் கில்பர்ட் சாகச விளையாட்டுகளின் குறைகளை 1989இலேயே ஒரு கட்டுரையாக எழுதிக் காட்டியிருந்தும், இத்தனை ஆண்டுகள் கழித்து வந்த விளையாட்டிலும் அவற்றில் சில நீடிக்கின்றன. புதிர்களில் பாதிக்கு மேல் இடத்தோடு பொருந்தியவை. பழுதான குழாயை அடைப்பது, மின்சாரத்தை மடைமாற்றுவது போன்ற பராமரிப்பு வேலைகள், வேலைத்தளத்துக்கு ஏற்றவை. சில மட்டும் புதிராக இருக்க வேண்டும் என்பதற்காகவே புதிராக இருக்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தெரிந்தது, கடைசிப் பகுதியில் பேச்சு அதிகமாகிவிடுவது. அதுவரை குறிப்புகளைக் கோத்து நாமே கண்டுபிடித்ததை, மாலன் வாயால் விளக்கத் தொடங்கும்போது, ஒரு வேலைத்தளம் முழுவதும் சேர்ந்து செய்த பாவம் ஒரு தனிமனிதனின் வெறியாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே கதை தன் பலத்தைத் தானே குறைத்துக்கொண்டது என்பது என் கருத்து.

ஒலியை மட்டும் குறை சொல்ல வழியில்லை. மார்கனின் இசை பல அறைகளில் இசை என்றே தெரியாது. காற்றுப்போக்கியின் இரைச்சலுக்கும் அதற்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது. எங்கள் வீட்டிலிருந்து செம்பனை ஆலை வெகு தூரமில்லை. வெட்டிய குலைகளை நெடுநேரம் போட்டுவைத்தால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும் என்பதால், வரத்து மிகுந்த மாதங்களில் ஆலை இரவெல்லாம் ஓடும். அந்த ஓசை ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை, நின்றால்தான் விழித்துக்கொள்வோம். ஸ்டேசிஸும் நம் காதை அப்படித்தான் கையாள்கிறது: ஓர் இயந்திர ஓசைக்கு நம்மைப் பழக்கி, அடுத்த அறையில் அதை எடுத்துவிடுகிறது. ஹெட்போன் போட்டுக்கொண்டு விளையாடுங்கள்.

அதே சகோதரர்கள் 2017இல் 'கெய்ன்' என்ற சிறிய விளையாட்டை இலவசமாகவே வெளியிட்டார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான ஹாட்லி என்னும் பெண், தான் போன மருத்துவமனைக்குப் பதிலாக அந்த நிறுவனத்தின் இடமொன்றில் கண்விழிப்பதுதான் தொடக்கம். 2020இல் தென் ஆப்பிரிக்காவையே களமாகக் கொண்ட 'பியூட்டிஃபுல் டெசொலேஷன்' வந்தது. அது பயங்கர வகையல்ல. 2023 மே மாதம் வெளியான 'ஸ்டேசிஸ்: போன் டோட்டம்' மீண்டும் கெய்ன் நிறுவனத்தின் உலகத்துக்குத் திரும்புகிறது. இந்த முறை களம் பசிபிக் பெருங்கடலில் உள்ள எண்ணெய்த் துரப்பண மேடையும் அதற்குக் கீழே கடலடித்தளத்தில் இருக்கும் நிலையமும். கடலில் கைவிடப்பட்டவற்றை மீட்டுப் பிழைக்கும் மேக், சார்லி என்னும் கணவன் மனைவி, அவர்களோடு மோசஸ் என்னும் பேசும் பொம்மைக் கரடி ஆகிய மூவரும் ஆளுக்கொரு மூலையில் பிரிந்துபோகிறார்கள். ஒருவர் கண்டெடுத்த பொருளை மற்றவருக்கு உடனே அனுப்பிவைக்க முடியும். மூவருக்கும் மூன்று வகைத் திறமை இருப்பதால், ஒரே பொருள் ஒவ்வொருவர் கையிலும் வேறு வேலைக்கு ஆகிறது. இருண்ட படங்களின் சிக்கலும் இதில் நன்றாகவே தீர்க்கப்பட்டிருக்கிறது. விளையாட்டாகப் பார்த்தால் இதுவே அவர்களுடைய சிறந்த படைப்பு. ஆனாலும், தனியாக நடக்கும் ஜானிடம் இருந்த பயம், மூவர் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு போகும்போது கொஞ்சம் இளகிவிடுகிறது. மேக்கும் சார்லியும் இழந்த மகளைப் பற்றிய துக்கம் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது.

இப்போது என் அக்காள் மகள் போன் டோட்டம் விளையாடிக்கொண்டிருக்கிறாள். குறிப்புகளைப் படிக்காமல் தாண்டக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். "மாமா, இவங்க எல்லாரும் எதுக்கு இவ்வளவு எழுதி வச்சிருக்காங்க?" என்று கேட்டாள்; படித்து முடித்துவிட்டுச் சொல் என்றேன். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு என் பரிந்துரை, கெய்னில் தொடங்குவதுதான். காசு செலவில்லை, ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும், இவ்வளவு கொடூரம் தங்களுக்குத் தாங்குமா என்பதையும் தெரிந்துகொள்ளலாம். குழந்தைப் பேற்றில் இழப்பைச் சந்தித்தவர்கள் அதை விட்டுவிட்டு நேரே ஸ்டேசிஸுக்குப் போங்கள். ஸ்டேசிஸை முடித்த பிறகே போன் டோட்டத்தை எடுங்கள். முறை மாற்றினால் கதை புரியாமல் போகாது, ஆனால் புதியதன் வசதிக்குப் பழகிய கை பழையதன் இருட்டில் பொறுமையிழந்துவிடும், அந்த ஊழியர்களின் குறிப்புகளும் படிக்கப்படாமலேயே கிடக்கும்.